சாண் கணக்கில் ஒரு காற்றுப்பெட்டி

என் பிரியமுள்ள ரஹ்மத்து,

உன் வண்டிக்கு ஒரு பெட்டி செய்து மாட்டியிருக்கிறேன். நானேதான் செய்தேன். சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்கிறவள் என்று என்னைப் பற்றிக் கம்பெனி முழுக்கச் சொல்லிவைத்தவள் நீ. அதனால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பானெட்டைத் திறந்தால், இடது பக்க விளக்குக்குப் பின்னால், அது உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் கோணல். ஒரு மூலையில் தகடு என் கட்டைவிரலைக் கிழித்த அடையாளமும் உண்டு.

இதை உன்னிடம் வந்து சொல்ல எனக்கு இடம் இல்லை. எங்கள் பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டமாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு கை செவ்வந்தியோடு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருப்பேன். பத்தமடையில் உன் கபர் இருக்கும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. அந்த வெளிச்சுவரை ஒட்டி வண்டியைப் பைய ஓட்டிக்கொண்டு போவேன். அவ்வளவுதான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். நீ எந்த இடத்தில் விட்டுப் போனாய் என்பது எனக்கே சரியாக நினைவுக்கு வரவேண்டியிருக்கிறது.

கங்கைகொண்டானில் நம் கம்பெனி. நீ கிடங்கில், நான் தரப் பரிசோதனையில், முப்பிடாதி பேக்கிங்கில். கம்பெனி வேன் நம் பக்கம் வருவதில்லை என்பதால் நீயும் நானும் சேர்ந்து அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கினோம். பத்தமடையிலிருந்து நீ ஓட்டி வருவாய். முன்னீர்பள்ளத்தில் முப்பிடாதி ஏறுவாள். இளம்பிள்ளை வாதம் வந்த காலை நீட்டிக்கொள்ளப் பின்சீட்டு முழுவதும் அவளுக்கு. பாளையங்கோட்டையில் நான். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இயற்பியல் படித்தபோதும் நான் உன் இடது பக்கம்தான். பதினைந்து வருடம் கழித்து அதே கம்பெனி வாசலில் உன்னைப் பார்த்து, காரில் ஏறினபோதும் இடது பக்கம்தான்.

வண்டிக்கு வந்த வியாதி ஓர் எலியால் தொடங்கியது. இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயை அது கடித்து வைத்தது. அதைக் கழற்றும்போது, காற்று வடிகட்டி இருந்த பிளாஸ்டிக் பெட்டியும் வயதான எலும்பு மாதிரி பட்டறைச் சுடலைமுத்து அண்ணாச்சியின் கையிலேயே உடைந்துபோயிற்று. அந்த மாடலுக்கு வேறு பெட்டி கிடைக்கவில்லை. மதுரை வரைக்கும் சொல்லிவைத்துப் பார்த்தோம். "இப்போதைக்கு இத மாட்டிவிடுதேன், பெறவு பாப்போம்" என்று ஒரு வட்ட வடிகட்டியை, மேலே மூடி எதுவும் இல்லாமல், குழாயின் வாயில் மாட்டிவிட்டார் அண்ணாச்சி. அவருடைய இப்போதைக்கு எவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரியாதா என்ன.

அதன்பிறகுதான் சாயங்கால வெயிலில் வண்டி முக்க ஆரம்பித்தது. தச்சநல்லூர் நெரிசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வண்ணாரப்பேட்டை மேம்பாலம் ஏறினால், இன்ஜினுக்குள் யாரோ கோலிக்குண்டுகளைப் போட்டு உருட்டுவது போலச் சத்தம். ஏசியை அணைப்பாய். இரண்டாவது கியருக்கு வருவாய். பின்சீட்டிலிருந்து முப்பிடாதி, "ரஹ்மத்தக்கா, நான் வேணா எறங்கி நடந்து வாரேன், நீங்க மேல போயி நில்லுங்க" என்பாள். "ஒன்ன விட என் வண்டி வேகமாப் போகும்னு யாரு சொன்னா? நீ மொதல்ல போயி நிப்ப" என்பாய் நீ.

ஒருநாள் பாலம் இறங்கியதும் ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, என் கையைப் பிடித்து அந்த வடிகட்டியின் பக்கத்தில் வைத்தாய். அடுப்பு வாயில் கை வைத்த மாதிரி இருந்தது.

"பாத்தியாளா? ரேடியேட்டர் ஊதுத சுடுகாத்த அப்படியே தின்னுது. சித்திர வெயில்ல ஒனக்குக் கொதிக்கக் கொதிக்கச் சோத்தப் போட்டு, கதவையும் சாத்தி வச்சா, நீ என்ன ஆடவா செய்வ?"

"சூடான காத்துல அடர்த்தி கம்மி" என்றேன், பரீட்சையில் எழுதுகிற மாதிரி.

"அதத்தான் சொல்லுதேன். வயிறு நெறைய மாட்டேங்கு. ஒரு பெட்டி கட்டி இத இன்ஜின் சூட்டுலேருந்து மறைக்கணும். முன்னால இருந்து ஒரு குழாய் போட்டு, வெளிக்காத்து அதுக்கு மட்டும் வாரமாதிரி செய்யணும். கடையில கெடைக்கலன்னா என்ன, நாம செய்வோம்."

நாம் என்றாய். அடுத்த வாரமே குறிப்பேட்டில் வரைந்தும் கொண்டுவந்தாய். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, "நாளைக்கு வீட்டுக்கு வா, அட்டைய வெட்டுவோம். பிடிச்சுக்கிட ஒரு ஆள் வேணும்" என்றாய். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். சபையில் ஏதோ கூட்டம் என்றேன். கூட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மீதி நேரம் வீட்டில் சும்மாதான் இருந்தேன். அதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை தலைவலி என்று படுத்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். வியாழக்கிழமை நீ இல்லை.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்து நான் கிளம்பும்போது, உன் உம்மா சாவியையும் அந்தக் குறிப்பேட்டையும் என் கையில் வைத்தார். "நின்னா துருப்பிடிச்சிரும். நீ ஓட்டு" என்றார். லைசென்ஸ் வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் நான் வலது பக்கம் உட்கார்ந்ததே இல்லை. அன்று பத்தமடையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வர எனக்கு ஒன்றே கால் மணி நேரம் பிடித்தது. தருவையில் ஒரு மாட்டுவண்டி என்னை முந்திப் போனது. சிரிக்காதே.

தினமும் காலையில் எதிர்த்திசையில் முன்னீர்பள்ளம் போய் முப்பிடாதியை ஏற்றிக்கொண்டு திரும்பி வருவேன். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் எனக்குச் சொல்லித்தரத் தெரியும். "எக்கா, கியரு மாத்துங்க, வண்டி கெஞ்சுது." "எக்கா, ஆரன் அடிங்க. அடிச்சா அவன் கோவிச்சுக்கிட மாட்டான்." மார்கழி, தை எல்லாம் இப்படி ஓடிவிட்டது. குளிர் காலத்தில் வண்டிக்கும் பெரிய குறை இல்லை.

பங்குனியில் ஒருநாள் பாலத்தின் நடுவில் நின்றேவிட்டது. பின்னால் வரிசையாக லாரிகள். சாவியைத் திருப்பத் திருப்ப அது இருமியதே தவிர எழுந்திருக்கவில்லை. இரண்டு பையன்கள் இறங்கி வந்து தள்ளிவிட்டார்கள். அன்றிலிருந்து வண்டியை எடுக்க எனக்குப் பயம். நான் பஸ்ஸில் போனேன். அவளும் பஸ்ஸில் வந்தாள்.

அவளுக்கு இரண்டு பஸ். இரண்டாவது பஸ்ஸின் படி அவள் முழங்கால் உயரம். பத்தாவது நாள் ஏறும்போது விழுந்தாள். தாடையில் மூன்று தையல். அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து ஒரு தாளை நீட்டினாள்.

"எக்கா, இதுல தப்பு இருக்கான்னு பாருங்க."

வேலையை விடுகிறேன் என்று எழுதியிருந்தாள். நல்ல கையெழுத்து.

"தப்பு இருக்கு" என்றேன்.

"எங்கன?"

"முழுசும்."

"வெளையாடாதிய எக்கா. திங்கக்கெழம குடுக்கணும்." பிறகு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தூக்கின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "பத்து வருசம் வீட்டுல தையல் மிசினு முன்னாலயே கெடந்தேன். வாரவ போறவ எல்லாம் பாவம்னு சொல்லிட்டுப் போவாளுவ. இங்க வந்தப்புறம்தான் ஒருத்தியும் அப்படிச் சொல்லல. இங்க எல்லாரும் என்னத் திட்டுதாவ. மறுபடி போயிப் பாவம் ஆவணும்னு நெனச்சாத்தான்..."

தாளை மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன். எனக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை கொடு, அதற்குப் பிறகு வேண்டுமானால் கொடுத்துக்கொள் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்துதான் உன் குறிப்பேட்டை முதல்முறையாகப் பிரித்தேன். அதுவரை அலமாரியில் வேதாகமத்துக்குக் கீழே வைத்திருந்தேன், திறக்காமல்.

எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாய். பெட்டியைப் பிரித்துப் பரப்பினால் எப்படி இருக்குமோ அப்படி, ரவிக்கைக்கு வெட்டுகிற மாதிரி, மடிப்பு வருகிற இடமெல்லாம் புள்ளிக்கோடு. பக்கத்தில் அளவுகள்: "அகலம் ஒரு சாண் ரெண்டு விரல். பின்சுவர் ஒரு சாண். பேட்டரிப் பக்கம் ஒரு கட்டைவிரல் விடணும்." ஒரு பக்கத்தில்கூட அங்குலம் இல்லை, சென்டிமீட்டர் இல்லை. கிடங்கில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் பார்சலைத் திருப்பி அனுப்புகிறவள் நீ. நம் வண்டிக்கு மட்டும் சாண் கணக்கு.

எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. சாண் என்றால் சாண்தானே. என் கையை விரித்து அட்டையில் அளந்தேன், வெட்டினேன். டவுனில் போய் அலுமினியத் தகடு வாங்கி வந்து, அட்டையை மேலே வைத்து ஆணியால் கீறி, தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டினேன். அம்மிக்கல் விளிம்பில் வைத்து மரக்கட்டையால் தட்டித் தட்டி மடித்தேன். கட்டைவிரல் கிழிந்தது அப்போதுதான். முதல் ஞாயிறு முடியும்போது என் முன்னால் உண்மையாகவே ஒரு பெட்டி இருந்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்து அண்ணாச்சியின் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பாலத்தில் நின்றதிலிருந்து வண்டி அங்கேதான் கிடந்தது. அவர் அதை வாங்கி, வண்டிக்குள் இறக்கிப் பார்த்தார். உள்ளே போனது. ஆனால் வடிகட்டி அதற்குள் லேசில் போகவில்லை. போனாலும் சுவரில் இடித்தது. மேல்மூடி ஒரு பக்கம் மூடினால் மறு பக்கம் திறந்துகொண்டது.

"வேலையெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு தங்கச்சி. அளவுதான் பத்தல. என்ன அளவுல செஞ்சிய?"

"சாண் கணக்குல, அண்ணாச்சி. ரஹ்மத் எழுதி வச்சது."

அவர் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சாணு சரி. யாரு கை?"

ரஹ்மத்து, உன் கையை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கின் மேல் தாளம் போடும் கை. பெருநாளுக்குப் போட்ட மருதாணி நகத்தில் மட்டும் மிச்சமிருக்கும் கை. என் டிபன் பாக்ஸிலிருந்து கேட்காமல் எடுக்கும் கை. கண்ணை மூடினால் தெரிகிறது. ஆனால் அது என் கையைவிடப் பெரியதா, சிறியதா? எத்தனை தடவை பிடித்திருக்கிறேன். ஒரு தடவைகூட என் கையோடு சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. உன்னைப் பற்றி இன்னும் என்னென்ன இப்படி எனக்குத் தெரியாமல் இருக்கிறது?

டேப் வைத்தும் அளந்தோம். பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவில் அந்தச் சந்து வளைந்து இறங்குகிறது. டேப்பின் நுனி அடியில் எங்கோ சிக்கிக்கொள்ளும். மூன்று தடவைக்கு மூன்று அளவு வந்தது. அண்ணாச்சி சொன்னார், "அவ இதுக்குள்ள கைய விட்டுத் தடவித் தடவிப் பாத்துத்தான் எழுதிருக்கா. இது நல்ல கணக்குத்தான். ஒரு சாணு எத்தன அங்குலம்னு மட்டும் தெரிஞ்சா மிச்சம் எல்லாம் தானா வந்துரும்."

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பத்தமடைக்குப் பஸ் ஏறினேன். உன் பழைய கையுறையோ வளையலோ, உன் கையின் அளவு தெரிகிற ஏதாவது ஒன்று வீட்டில் இருக்கும் என்று நினைத்தேன். அதை உம்மாவிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் வழி முழுக்க யோசனை.

உம்மா தறியில் இருந்தார். பாதி நெய்த பாய் தரையோடு தரையாக நீண்டு கிடந்தது. என்னைப் பார்த்ததும், "வா புள்ள. வண்டியிலயா வந்த?" என்றார். இல்லை என்றதும் முகம் சற்று வாடியது. பாலத்தில் வண்டி நின்றதையும் முப்பிடாதி விழுந்ததையும் சொன்னேன். கடைசியில் வேறு வழி தெரியாமல் குறிப்பேட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

உம்மாவுக்குப் படிக்க வராது என்று எனக்குத் தெரியும். படத்தைப் பார்த்தார். "இது என்ன எழுதிருக்கா?" என்று விரல் வைத்துக் கேட்டார். "ஒரு சாண் ரெண்டு விரல்" என்று படித்தேன். "இது?" "ஒரு சாண்." "இது?" "ஒரு கட்டைவிரல் விடணும்."

உம்மா சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. "கம்பூட்டர்ல வேல பாக்குதேன்னு சொன்னா. இங்கன பாரு, பாய்க் கணக்கு எழுதி வச்சிருக்கா."

"உம்மா, அவ சாண் எவ்வளவு இருக்கும்னு தெரியணும். என் கையில அளந்து தப்பாப் போச்சு."

உம்மா என்னை, என்னவோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோலப் பார்த்தார். பிறகு தறியைக் காட்டினார். "ஏழாங்கிளாஸ்லேருந்து என் கூட ஒக்காந்து பின்னுனவ. நான் விட்ட எடத்துல அவ பிடிப்பா. அவ விட்ட எடத்துல நான் பிடிப்பேன். ஒரே பாயில ரெண்டு பேரு கை. அளவு ஒரு விரக்கட மாறுனதில்ல. மாறிருந்தா வாங்குதவன் விடுவானா? அவ கை என் கைதான். இந்தா."

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் வலது கையை விரித்து வைத்தார்.

அங்கே இருந்தது, ரஹ்மத்து. நீண்ட விரல்கள். நடுவிரலை எட்டிப் பிடிக்கப் பார்க்கும் மோதிர விரல். வெளிப்பக்கமாக வளைகிற கட்டைவிரல். என் டிபன் பாக்ஸுக்குள் நுழைகிற அதே கை, முப்பது வருடம் மூத்ததாக. பையிலிருந்து பென்சிலை எடுத்து அதைச் சுற்றிக் கோடு போட்டேன். கோடு முடிந்த பிறகும் உம்மா கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. வெளியே பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னபோதுதான் எழுந்தார்.

உன் சாண் ஒன்பது அங்குலம். என்னுடையது எட்டு.

தொழுதுவிட்டு வந்தவர், "இனித் தகடு வேணும்லா?" என்று கேட்டார். வாங்கினதில் மிச்சம் இருக்கிறது, மேல்மூடிக்குத்தான் போதாது என்றேன். உள்ளே போய் அந்தப் பழைய அலுமினியச் சஹனை எடுத்து வந்தார். பெருநாளைக்கு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோமே, அதே தட்டு. விளிம்பில் விரிசல் விட்டு ஒதுக்கி வைத்திருந்தார். முதல்முறை உங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அதில்தான் சாப்பிட்டேன். என் பக்கத்துச் சோற்றைத் தாண்டக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன். நீ கறித்துண்டை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாய்.

"இதப் போயி வெட்டவா, உம்மா?"

"சேந்து திங்கதுக்கு வாங்குனது. சேந்து போற வண்டிக்குப் போகட்டும்" என்று என் மடியில் வைத்துவிட்டார்.

இரண்டாவது ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனேன். முப்பிடாதி ஆட்டோவில் வந்திருந்தாள். மடித்த தாள் அவள் கைப்பையில் இருப்பது எனக்குத் தெரியும். ஒன்பது அங்குலத்தைச் சாணாக வைத்து வெட்டிய அட்டையை முதலில் இறக்கிப் பார்த்தோம். உறைக்குள் போகும் கடிதம் போல இறங்கி நின்றது. அண்ணாச்சி குறிப்பேட்டை ஒரு தடவை தொட்டுவிட்டு, ரிவெட் அடிக்கும் கருவியை எடுத்து வந்தார்.

முப்பிடாதி தகட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் மடித்தேன். அண்ணாச்சி துளை போட்டு ரிவெட் அடித்தார். சஹனின் நடுப்பகுதி மேல்மூடியானது. பானெட்டோடு உரசாமல் இருக்க ஓரம் முழுக்கக் கார் கண்ணாடிக்குப் போடும் ரப்பரை மாட்டினோம். வெளிக்காற்று வர மூன்று அங்குலப் பிவிசி குழாய். அதன் வாயை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு சின்னச் சண்டை.

"பம்பருக்குக் கீழ வச்சா இன்னும் குளுந்த காத்து வரும்" என்றார் அண்ணாச்சி.

நீ எழுதியிருந்ததைக் காட்டினேன். "வாய் மேலே, விளக்குக்குப் பின்னால். கீழே வைத்தால் மழைத்தண்ணியை உறிஞ்சிரும்." அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாய்.

"இந்த வெயில்ல மழைய யாரு கண்டா?"

"அவ கண்டிருக்கா அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதி. "முந்துன வருசத்து மழைக்கு ஊரெல்லாம் தண்ணி ஏறுனப்ப, கெடங்குச் சாமான மொத நாளே மேல் தட்டுல ஏத்தி வச்சவ அவ ஒருத்திதான்."

குழாயின் வாய் மேலேயே இருக்கிறது.

தேய்ந்த பிளக்குகளையும் அண்ணாச்சி மாற்றினார். "நின்னுபோனதுக்குக் காத்து மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், இதுவும் உண்டு. ஆனா மொதக் குத்தம் காத்துதான்" என்றார். உண்மையை மறைத்து உன்னிடம் பெருமை பேச விருப்பமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எல்லாம் முடியும்போது மணி மூன்று. கத்திரி வெயில். சோதிக்க அதைவிட நல்ல நேரம் எது? பட்டறை வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. உம்மா இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறோம் என்று சொல்லியிருந்தேனே தவிர, நான் கூப்பிடவில்லை. வருவார் என்றும் நினைக்கவில்லை. "அவ செய்யணும்னு நெனச்சத நானும் பாக்கணும்லா" என்று சொல்லிக்கொண்டே இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். என் இடத்தில்.

தச்சநல்லூர் வரை போய்த் திரும்பினோம். வேண்டுமென்றே நெரிசலுக்குள் போய், ஏசியைப் போட்டுக்கொண்டு, இன்ஜின் நன்றாகக் காயும் வரை நின்றோம். பிறகு பாலம். மூன்றாவது கியரில் ஏற ஆரம்பித்தேன். வழக்கமாக முனகுகிற அந்த வளைவு வந்தது. முப்பிடாதி, "எக்கா, ரெண்டுக்கு மாத்தாதிய. மாத்தாதிய" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் மாற்றவில்லை. கோலிக்குண்டு உருளும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உருளவில்லை. பாலத்தின் உச்சி வந்தது, போனது. இறங்கி, நீ என் கையைப் பிடித்து வடிகட்டியில் வைத்தாயே, அதே இடத்தில் ஓரம் கட்டினேன்.

பானெட்டைத் திறந்தோம். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. உம்மா பெட்டியின் மூடியில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

"வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றார். "சோறு போட்டுத் திங்கலாம்."

அப்போதுதான் நான் அழுதேன். முப்பிடாதி அழவில்லை. ரப்பர் ஓரத்தை அழுத்தி அழுத்திப் பார்த்து, கையெல்லாம் கரியாக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இறக்கிவிடும்போது கேட்டேன், "அந்தத் தாள் எங்கே?"

"எந்தத் தாளு?" என்றாள். பிறகு, "ஓ, அதா. கை தொடச்சிட்டேன்."

மூன்று வாரம் ஆகிறது. வண்டி ஒன்றும் பந்தயக் கார் ஆகிவிடவில்லை. பழைய வண்டி பழைய வண்டிதான். ஆனால் ஒருநாள்கூட நிற்கவில்லை. முப்பிடாதி எட்டு மணிக்குள் அவள் மேசையில் இருக்கிறாள். மறுபடியும் எல்லோரிடமும் திட்டு வாங்குகிறாள். பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறதா என்று பேக்கிங்கில் இன்னொருத்தி கேட்டிருக்கிறாள். காலை இதற்குமேல் மடக்க முடியாது என்று முதலில் சொன்ன முப்பிடாதி, இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வேறு ஒரு யோசனையும் வந்துவிட்டது. காலுக்கு வேலையில்லாமல் கையாலேயே ஓட்டுகிற மாதிரி வண்டியை மாற்ற முடியுமாமே என்று அண்ணாச்சியைத் துளைத்து எடுக்கிறாள். "நீ ஓட்டுனா ரோட்டுல நடக்குதவனுக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று அவர் கேட்டார். "நடக்குதவனப் பத்தி எனக்கு என்ன தெரியும் அண்ணாச்சி?" என்றாள்.

இன்னொரு சேதி. நீ என்னைவிட மூன்று மாதம் மூத்தவள் என்று சொல்லிக் கல்லூரி முதல் நாளிலிருந்தே உன்னை லாத்தா என்று கூப்பிடச் சொன்னாய். மூன்று மாதத்துக்கெல்லாம் அக்கா என்று கூப்பிட முடியாது என்று நான் கடைசி வரை கூப்பிடவில்லை. தை மாதத்தோடு வயதில் நான் உன்னைத் தாண்டிவிட்டேன். இனி ஒவ்வொரு வருடமும் தாண்டிக்கொண்டே போவேன். கணக்குப்படி இப்போது நான்தான் மூத்தவள். ஆனால் எட்டு அங்குலச் சாணை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மணிமுத்தாறு அருவியைக் காட்டுகிறேன் என்று உம்மாவிடம் நீ சொல்லி வைத்திருந்தாயாமே. மேடு ஏறாது என்றுதான் தள்ளிப் போட்டாயாம். அன்று வண்டியில் வரும்போது சொன்னார். இந்த ஐப்பசியில் மழை விழுந்து அருவி நிறைந்ததும் நான் கூட்டிக்கொண்டு போகிறேன். அடுத்த வாரம் என்று இந்தத் தடவை சொல்லமாட்டேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே போவோம். போகும் வழியில் அந்த வெளிச்சுவரை ஒட்டி வண்டியைக் கொஞ்சம் நிறுத்துவேன், இன்ஜினை அணைக்காமல். கேட்டுப் பார்த்துச் சொல், லாத்தா, மூச்சு சீராக இருக்கிறதா என்று.

இப்படிக்கு,
உன் உம்மாவின் கைக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும்
உன் தங்கை ஜெபா